உடந்தை மீசை

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல செய்தியை யாரும் பதிவுத் தபாலில் அனுப்புவதில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவனுக்கு இதுகூடவா தெரியாது?

உறைக்குள் இரண்டு தாள்கள். ஒன்று தூக்குப் பாலப் பட்டறையின் ஸ்டோரிலிருந்து எழுதிய கடிதம். கால்வாய்மேல் உள்ள எங்கள் ஊர்ப் பாலத்துக்கு நூறு வயது ஆகிறது. அதையொட்டி ஒரு புத்தகம் தொகுக்கிறோம். பட்டறையின் பழைய வேலை ஏட்டில் தங்கள் தந்தையாரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அது அவர்தான் என்று எழுத்து மூலம் உறுதி செய்து தரவும். கீழே ஸ்டோர் பொறுப்பாளர் என்று ஒரு பெண்ணின் கையெழுத்து.

இன்னொன்று ஏட்டுப் பக்கத்தின் நகல். மேலேயும் கீழேயும் வெள்ளைத் தாளை வைத்து மறைத்து, நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி நகல் எடுத்திருந்தார்கள்.

"வடகரைத் தண்டில் பித்தளை புஷ் இரண்டும் எடுத்தது நெட்டை. உடந்தை மீசை."

மீசை என் தந்தை. ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் மீசை வீடு என்றுதான் பெயர். வெள்ளம் வந்த வருஷம், பாலத்தின் மோட்டார் தண்ணீரில் மூழ்கி நின்றுபோனபோது, கைச்சக்கரத்தைத் தனி ஆளாகச் சுற்றிப் பாலத்தைத் தூக்கி, அடித்துக்கொண்டு வந்த பதினொரு படகுகளுக்கு வழிவிட்டவர் அவர். தூக்காமல் இருந்திருந்தால் படகுகளும் அவற்றில் இருந்தவர்களும் பாலத்தில் மோதிச் சிதறியிருப்பார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது. வீட்டுக் கூடத்தில் அந்தச் சக்கரத்தோடு அவர் நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடந்தை. இந்தச் சொல்லை என் கையால் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். முதல் எதிரி பூட்டை உடைக்க, இரண்டாம் எதிரி அதற்கு உடந்தையாக வெளியே நின்றார். முதல் எதிரி கையெழுத்தை மாற்றிப் போட, மூன்றாம் எதிரி உடந்தையாக இருந்து சாட்சி சொன்னார். நல்ல காரியத்துக்கு ஒருவர் உடந்தையாக இருந்தார் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

எடுத்தது நெட்டை. உடந்தை மீசை. என் தந்தை இரண்டாம் எதிரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புஷ் என்பது தண்டு சுழலும் இடத்தில் பொருத்தும் பித்தளை வளையம். எனக்கு இது தெரியும், ஏனென்றால் அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா கொண்டுவந்தது. வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம். கடிதத்தை மடித்து வைத்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த வளையத்தைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது.

மாலையில் மனைவி கேட்டாள்.

"கதவு ஏங்க இந்த அடி அடிக்குது? அந்தப் பித்தளைக் குண்டு எங்க?"

"எடுத்து வச்சிருக்கேன்."

"எங்க?"

"பீரோவுல."

"காத்து பீரோவுக்குள்ளயா அடிக்குது?"

சான்றுப் பொருளை மறைத்து வைப்பவர்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். அவர்களும் மனைவிக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டறைக்கு என் முகவரியை யார் கொடுத்தது என்று யோசித்தேன். ஒரே ஆள்தான். தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஆமாண்ணே, நான்தான் குடுத்தேன். ஒரு பொண்ணு போன்ல மரியாதையா கேட்டுச்சு."

"மரியாதையா கேட்டா வீட்டுச் சாவியையும் குடுத்துடுவியா? வேற என்ன கேட்டா?"

"அப்பாவுக்கு மீசைன்னு பேரு உண்டான்னு கேட்டுச்சு. உண்டுன்னேன்."

"அடையாளம் காட்டிட்ட."

"என்னண்ணே சொல்றீங்க? ஊருக்கே தெரிஞ்ச பேருதானே. அந்தப் பொண்ணும் நம்ம ஊருதான். நெட்டை பிட்டரோட பேத்தியாம்."

போனை வைத்துவிட்டேன். நெட்டை அப்பாவோடு பட்டறையில் வேலை செய்த பிட்டர். பின்தெருவில் வீடு. அந்த வீட்டாரோடு நாங்கள் பழகியதில்லை. எதிரே வந்தால் அவர்கள் தலையசைப்பார்கள், நாங்கள் அசைக்க மாட்டோம். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. இப்போது காரணம் துலங்குவதுபோல் இருந்தது. ஏதோ நடந்திருக்கிறது. நெட்டை எடுத்திருக்கிறான், அப்பாவை இழுத்துவிட்டிருக்கிறான். பேத்தி அதைப் புத்தகமாகப் போட்டு ஊருக்கு விற்கப் போகிறாள். அதற்கு என் கையாலேயே ஒப்புதல் வாக்குமூலம் கேட்கிறாள். தம்பி, எதுவும் தெரியாமலேயே, அவளுக்கு உடந்தை.

வியாழக்கிழமை காலை, தேய்த்த முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

தகரக் கூரை, கிரீஸ் வாசனை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். நுழையும் இடத்தில், பாலத்திலிருந்து கழற்றிய பழைய கைச்சக்கரத்தைப் பச்சை வண்ணம் அடித்து இரும்புத் தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். என் மார்பு உயரம். அதில் இரண்டு கைப்பிடிகள், ஒன்றுக்கொன்று எதிரெதிராக. ஒரு பக்கம் நிற்பவனுக்கு மறுபக்கத்துப் பிடி எட்டாது. ஒரு முறை பார்த்தேன். மறுபடி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

ஸ்டோர்காரிக்கு முப்பது வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தாள். அவளும் நெட்டைதான்; எழுந்து நின்றபோது என்னைவிட ஒரு சாண் உயரம்.

"வாங்கய்யா, உட்காருங்க."

"நிக்கிறேன்."

"டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம். மூல ஏட்டைப் பார்க்கணும். நகலெல்லாம் செல்லாது."

"நீங்க கோர்ட்ல இருந்தீங்கன்னு உங்க தம்பி சொன்னாரு," என்று சிரித்தாள்.

"அவன் வேற என்னென்ன சொன்னான்?"

அவள் பதில் சொல்வதற்குள் என் கண் மேசைமேல் போயிற்று. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளை வளையத்தை வைத்திருந்தாள். என் பீரோவில் இருப்பதன் ஜோடி. அதே அகலம், அதே ஓரத் தேய்மானம்.

"இது என்ன?"

"தாத்தா வச்சிருந்தது."

"எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"இங்கேருந்துதான்." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்.

ஆளுக்கு ஒன்று. பங்கு சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள். அவள் நாற்காலியை இன்னும் என் பக்கம் நகர்த்தினாள். அப்படியும் உட்காரவில்லை.

"இந்தா பாரும்மா, நேராவே சொல்லிடறேன். அந்த வரி புத்தகத்துல வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். செத்துப் போனவரு, எதிர்த்துப் பேச முடியாதவரு. அவரைப் போய் உடந்தைன்னு..."

"உடந்தைதானே எழுதியிருக்கு?"

"அதான் கேக்குறேன்."

அவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. விளங்காத மாதிரி நடிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பவர்கள் சீக்கிரம் பதில் சொல்வார்கள். இவள் பேசாமல் போய், அலமாரியிலிருந்து துணி அட்டை போட்ட ஏட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

நின்றபடியே புரட்டினேன். கட்டை எழுத்து, நீல மை.

"தென்கரைக் கம்பிக்கு எண்ணெய் விட்டது ஆயில்காரன். உடந்தை கூனன்."

"தரை கழுவியது கூனன். உடந்தை ஆயில்காரன்."

"கூரையில் குருவிக்கூடு எடுத்து மரத்தில் வைத்தது மீசை. உடந்தை நெட்டை."

ஒரே பக்கத்தில் ஒன்பது உடந்தைகள். அடுத்த பக்கத்தில் ஏழு. தரை கழுவ எதற்கு உடந்தை? குருவிக்கூட்டை மரத்தில் வைப்பதில் என்ன சதி? முன்னும் பின்னும் புரட்டினேன். எந்த வேலையிலும் தனி ஆள் இல்லை. செய்தது ஒருவர், உடந்தை ஒருவர். பட்டறை முழுக்கக் களவாணிக் கூட்டமாக இருக்க வேண்டும். அல்லது நான் அந்தச் சொல்லைத் தவறாகப் படித்திருக்க வேண்டும்.

அவள் எனக்கு அனுப்பிய பக்கத்தைத் தேடி எடுத்தேன். மறைத்திருந்த அடுத்த வரி இது: "புது புஷ் போட்டபின், தேய்ந்த புஷ் இரண்டையும் நெட்டைக்கு ஒன்று மீசைக்கு ஒன்றாக, ஞாபகமாக வைத்துக்கொள்ள மேலாளர் கொடுத்தது."

"இந்த வரியை ஏன் மறைச்ச?"

அவள் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதுக்குக் கீழ பாருங்க. ஒருத்தரு குடிச்சிட்டு வந்து வீட்டுக்கு அனுப்பினது எழுதியிருக்கு. அவரு மகன் நம்ம கேட்லதான் நிக்கிறாரு. அதை மறைக்கிறப்போ இதுவும் போயிடுச்சு."

வாசலில் என்னைப் பார்த்து சல்யூட் அடித்த ஆளை நினைத்துக்கொண்டேன். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த பெரிய அகராதியை எடுத்தேன். உடந்தை: உடன் என்பதிலிருந்து பிறந்தது. சேர்க்கை. உறவு. கூட்டு. குற்றத்துக்குத் துணைபோவது என்ற பொருளும் இருந்தது. அது ஒரு பொருள்தான், ஒரே பொருள் அல்ல. உடன்பிறந்தார், உடன்படிக்கை, உடன்பாடு எல்லாம் இதற்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைமட்டும் நாங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டோம்.

அன்று மாலையே உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். சொல் எங்கிருந்து வந்தது, பட்டறையில் எந்தப் பொருளில் வழங்கியது, காவல் நிலையமும் நீதிமன்றமும் அதைத் திருட்டோடு மட்டும் சேர்த்து எழுதி எழுதி எப்படிக் கறைப்படுத்தின என்று எல்லாம். அந்தக் கறையில் என் பேனா மையும் உண்டு என்பதை மட்டும் எழுதவில்லை. அப்பாமேல் தூசுகூடப் படக்கூடாது என்று ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட்டேன்: "ஆகவே உடந்தை என்பவர் காரியத்தை முன்னின்று செய்தவர் அல்லர், செய்தவருடன் நின்று கைகொடுத்தவர் மட்டுமே."

பித்தளை வளையம் கதவுக்குத் திரும்பியது.

"ஜாமீன் கிடைச்சிடுச்சா?" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை குறிப்போடு மறுபடி பட்டறைக்குப் போனேன். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டோர்காரி மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இருக்குய்யா. இதைப் புத்தகத்தோட முதல்லயே போட்டுடலாம்."

"போடு. கூடவே வெள்ளத்தன்னைக்கு எழுதின பக்கத்தையும் போட்டுடு. எங்க அப்பா பாலத்தைத் தூக்கினது."

அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் நைஞ்சு போயிருக்குய்யா."

"காட்டு, பார்ப்போம்."

"நீங்க வீட்டுல சொல்ற கதையைச் சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்."

கூண்டில் நிற்கும் சாட்சி எப்போது வக்கீலைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். போன சந்தேகம் முழுதாகத் திரும்பி வந்தது. அப்பாவின் பெருமையை இவள் ஒளிக்கிறாள். பக்கத்தையே கிழித்திருப்பாளோ?

"ஏட்டை எடும்மா."

"வேண்டாம்யா."

"எடு."

எடுத்தாள். பக்கம் நைந்திருக்கவில்லை. மை கொஞ்சம் நீரில் பரவியிருந்தது, அவ்வளவுதான்.

"மோட்டார் நின்றது. கைச்சக்கரம் சுற்றிப் பாலம் தூக்கியது நெட்டை. உடந்தை மீசை. படகு பதினொன்றும் போயிற்று."

அந்தப் பக்கத்துக்கு அருகிலேயே என் குறிப்பு கிடந்தது. முன்னின்று செய்தவர் அல்லர். என் கையெழுத்து எப்போதும் திருத்தமாக இருக்கும். அடிக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தேன்.

வெளியே யாரோ இரும்பை அரத்தால் தேய்க்கும் சத்தம்.

"இதை நான் மட்டும்தான் படிச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "உங்க குறிப்பைத் திருப்பித் தந்துடறேன். உங்க கதையையே போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்போ பொய்க்கு நீ உடந்தை."

"ஆமா. உங்க கோர்ட் அர்த்தத்துல."

"உன் தாத்தா பேரு போகுதே. உனக்கென்ன லாபம்?"

"லாபம் என்ன இருக்கு? எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷமா யாரும் சொன்னதில்லை, இப்போ நான் எதுக்குச் சொல்லணும்?"

"ஏன் சொல்லல?"

அவள் தயங்கினாள்.

"சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

"எங்க அப்பா ஒரு தடவை தாத்தாகிட்ட கேட்டாராம், மீசை வீட்டுல இப்படிச் சொல்லிக்கிறாங்களேன்னு. அதுக்கு தாத்தா, மீசைக்குப் பேசப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, பேசிட்டுப் போகட்டும் விடுன்னாராம்."

திருட்டுக்கு உடந்தை என்று எழுதியிருந்தால்கூட இந்த அளவு சுட்டிருக்காது. எழுபது வருஷமாக எங்கள் வீட்டுப் பெருமை என்று நான் காவல் காத்தது, பின்தெருக்காரர்கள் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தது. எதிரே வரும்போது அவர்கள் தலையசைத்ததற்கு இப்போது வேறு பொருள் தெரிந்தது.

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து வைத்தாள். எங்கள் கூடத்தில் தொங்கும் அதே படம், முழுப் படம். சக்கரத்தின் ஒரு பிடியில் அப்பா, மறு பிடியில் நெட்டை. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அப்பா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் படத்தில் நெட்டை இல்லை. சக்கரத்தின் மறு பிடியில், சட்டத்தின் ஓரத்தில், ஒரு கை மட்டும் மணிக்கட்டு வரை தெரியும். யார் கை என்று கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு, யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இறந்த வருஷம் படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுபோனவன் நான்தான். எனக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பக்கத்தை வெட்டிடுங்க என்று கடைக்காரரிடம் சொன்னதும் நான்தான். சட்டம் சின்னது, அதனால் வெட்டினோம் என்று என்னிடமே இத்தனை நாள் சொல்லிக்கொண்டு வந்தேன். இதே விளக்கத்தை எந்த எதிரியாவது நீதிபதிமுன் சொல்லியிருந்தால், நம்பத் தகுந்ததாக இல்லை என்று எழுதியிருப்பேன்.

குறிப்பைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அந்தக் குடும்பத்துக்கு அது பழக்கம். மீசை வீடு மீசை வீடாகவே இருந்திருக்கும். கை பைவரைக்கும் போனது. ஆனால் நெட்டை வீட்டார் போட்ட பிச்சையிலா மீசை வீடு நிற்க வேண்டும்? அதற்கு நான் இசைந்தால், நாளைக்கு அவர்கள் தலையசைக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பேன்?

"ஏட்டுல உள்ளதையே போடு," என்றேன்.

"ஐயா..."

"ஏட்டை மாத்துறது குற்றம். என் வேலையில அதை நான் விட்டதில்லை. இந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதப் போற? எழுதிக் காட்டு."

காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். "வெள்ளத்தன்று பாலத்தைத் தூக்கியவர்: நெட்டை. உதவி: மீசை."

தாளை வாங்கி, என் பேனாவைத் திறந்து, உதவி என்ற சொல்லை அடித்தேன். அதன்மேல் எழுதினேன்: உடந்தை.

"உதவின்னா வெளியிலேருந்து வந்து கை குடுக்கிறவன். குடுத்துட்டுப் போயிடலாம். எங்க அப்பா அப்படி வந்தவரில்ல. அந்தச் சக்கரத்துக்கு ரெண்டு பிடி. போய்ப் பாரு. ஒருத்தன் விட்டா இன்னொருத்தன் தோள் கழண்டு போகும்."

"அது சரிய்யா. ஆனா படிக்கிறவங்க உடந்தைன்னா வேற மாதிரி நினைப்பாங்களே. ஏதோ திருட்டுன்னு."

"நினைக்கட்டும். முதல்லயே என் குறிப்பு இருக்குல்ல?"

என் மூன்று பக்கக் குறிப்பை என் பக்கம் இழுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடிட்ட வாக்கியத்தில் "காரியத்தை முன்னின்று செய்தவர் அல்லர்" என்பதை அடித்தேன். "மட்டுமே" என்ற சொல்லையும் அடித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று உடனே தோன்றவில்லை.

"மறு பிடியில் நின்றவர்னு போடுங்களேன்," என்றாள் அவள்.

எழுதிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நெட்டை வீட்டுப் பேத்தி சொன்னதாயிற்றே என்று இன்னொரு முறையும் படித்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது.

"இப்போவாவது டீ சொல்லட்டுமா?"

"சர்க்கரை கம்மியா."

டீ வருவதற்குள், முதலில் தபாலில் கேட்டிருந்த உறுதிக் கடிதத்தை அவள் எடுத்து நீட்டினாள். நெட்டைக்கு உடந்தையாக இருந்த மீசை என் தந்தையே என்று எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் தாளைத் திருப்பி, பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. போட்டேன்.